வரவேற்பு தமிழில், வேலை ஆங்கிலத்தில்

காரைக்கால் பக்கம் காசாக்குடியில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிடைத்த பல்லவர் செப்பேடு ஒன்று, உண்மையில் காஞ்சிபுரத்தை அடுத்த வாலாஜாபாத் பக்கத்து ஆட்களுக்கு எழுதிய அரசாணை. நந்திவர்ம பல்லவமல்லன் தன் 22ஆம் ஆட்சியாண்டில், அதாவது 8ஆம் நூற்றாண்டின் நடுவில், ஊற்றுக்காட்டுக் கோட்டத்தில் இருந்த கொடுகொள்ளி என்ற ஊரைத் தானமாகக் கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. அந்த ஊற்றுக்காடு இன்றைய ஊத்துக்காடு. வாலாஜாபாத்துக்குப் பக்கத்து ஊர். வாய்க்கால் வெட்டிக்கொள்ள உரிமை கொடுக்கிற இடத்தில் அதே வட்டாரத்துத் தென்னேரியும் வருகிறது, திரையன் ஏரி என்ற பழைய பெயரில்.

அந்த ஆணையை இரண்டு மொழிகளில் வெட்டியிருக்கிறார்கள். முதலில் சமஸ்கிருதம், கிரந்த எழுத்தில். பிரம்மாவில் தொடங்கும் வம்சாவளி, வாதாபியை வென்ற கதை, அரசனின் புகழ், கொடையின் சுருக்கம். அதன் பிறகு தமிழ். நாட்டாருக்கு என்ன உத்தரவு, எந்தத் திசையில் எந்த ஊர் எல்லை, எங்கே கல் நட்டுக் கள்ளி வைக்க வேண்டும், எந்தெந்த வரி கிடையாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறது. வரிப் பட்டியலில் செக்கு உண்டு, தறி உண்டு. அரசனின் பெருமை எந்த மொழியில் இருந்தாலும் கொடுகொள்ளிக்காரருக்கு நஷ்டமில்லை. எல்லைக்கல் எங்கே நட வேண்டும் என்பது மட்டும் நடுகிறவருக்குப் புரிந்தாக வேண்டும். ஓலை எழுதிய பல்லவ அதிகாரிகள் இதை யோசித்துத்தான் மொழியைப் பிரித்திருக்க வேண்டும்.

இன்றைக்கு நாம் திறக்கும் இணையதளங்களும் செயலிகளும் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடுகின்றன. முகப்பில் ‘வணக்கம்’ தமிழில் இருக்கும். பொங்கல் வாழ்த்து தமிழில் வரும். விளம்பரம் சுத்தமான தமிழில் பேசும். உள்ளே நுழைந்து படிவத்தைத் திறந்தால் பாதி ஆங்கிலம். பணம் கணக்கிலிருந்து போய்விட்டு வேலை முடியாமல் நின்றால், அதைச் சொல்லும் சிவப்பு எழுத்து முழு ஆங்கிலம். ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும், எந்தத் தேதிக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்பதெல்லாம் ஆங்கிலத்திலேயே, அதுவும் பொடி எழுத்தில். தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது 1956இல். காகிதத்தில் நடந்த ஆட்சிக்கு அது பொருந்திய அளவுக்குத் திரையில் நடக்கிற ஆட்சிக்கு இன்னும் பொருந்தவில்லை.

வாலாஜாபாத் மாதிரி ஊரில் இந்தப் பள்ளத்தை நிரப்புவது ஒரு மனிதர். இ-சேவை மையத்திலோ, ஜெராக்ஸ் கடையிலோ உட்கார்ந்திருக்கும் பையன். “தம்பி, இதுல என்னப்பா போட்டிருக்கு?” என்று போனை நீட்டினால், படித்து, பொருள் சொல்லி, அழுத்த வேண்டியதை அவரே அழுத்திவிடுவார். ஓ.டி.பி.யை வரிசையில் நிற்கிற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி உரக்கச் சொல்ல வேண்டியிருக்கும். கடவுச்சொல் அவருடைய நோட்டில் ஏறிவிடும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று எல்லாம் இப்படித்தான் நகர்கின்றன. அந்தப் பையன்கள் நல்லவர்கள்தான். அவர்கள் இல்லையென்றால் பாதி ஊருக்கு வேலை ஓடாது. ஆனால் ஒரு செயலியைப் பயன்படுத்த இன்னொருவரிடம் ரகசிய எண்ணைக் கொடுத்தே தீர வேண்டும் என்றால், அந்தச் செயலி பயன்படுத்துகிறவருக்காகச் செய்யப்பட்டது என்று எப்படிச் சொல்வது?

ஐந்து எழுத்து, முப்பது பைட்

“கடைசியில் தமிழ் சேர்த்துக்கொள்ளலாம்” என்பது மென்பொருள் நிறுவனங்களில் சகஜமாகக் காதில் விழும் பேச்சு. கடைசியில் சேர்க்கப் போனால் என்ன ஆகும் என்பதை வாலாஜாபாத்தின் பெயரை வைத்தே பார்க்கலாம்.

வாலாஜாபாத் என்றால் நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. கணினிக்குப் பத்து. வகரம் தனி, துணைக்கால் தனி, புள்ளி தனி என்று பிரித்துத்தான் யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டு முறை தமிழை வைத்திருக்கிறது. இணையத்தில் பெரும்பாலும் புழங்கும் யூ.டி.எஃப்-8 முறையில் அந்தப் பத்தில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகமொத்தம் முப்பது. ஆங்கிலத்தில் எழுதினால் ஒன்பது எழுத்து, ஒன்பதே பைட். ஊர்ப் பெயருக்கு இருபது பைட் தாராளம் என்று யாரோ ஒரு டெவலப்பர் முடிவு செய்துவிட்டிருந்தால், வாலாஜாபாத் நடுவில் அறுபட்டு ‘வாலாஜா’வும் பின்னால் ஒரு கேள்விக்குறிக் கட்டமும் மிஞ்சும். வாலாஜா என்பது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிற வாலாஜாபேட்டையைச் சுருக்கிக் கூப்பிடும் பெயர். பார்சல் அங்கே போனால் யாரைக் குறை சொல்வது?

குறுஞ்செய்தியிலும் இதே கதை. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 குறிகள் கொள்ளும். தமிழ் கலந்தால் வழக்கமாக 70தான். துணைக்காலும் புள்ளியும் அந்த 70க்குள் இடம்பிடிக்கும். ஒரு செய்தி இரண்டாக, மூன்றாக உடையும். அனுப்புகிறவருக்குச் செலவு அத்தனை மடங்கு. நம் போனுக்கு வரும் எச்சரிக்கைகள் ஏன் ஆங்கிலத்திலேயே வருகின்றன என்பதற்கு அலட்சியம் பாதிக் காரணம் என்றால், இந்தக் கணக்கு மீதிக் காரணம்.

இன்னொரு வேடிக்கை பெயர்க் கட்டத்தில் நடக்கும். ‘எழுத்துகள் மட்டும்’ என்று நிரலில் ஒரு விதி எழுதுவார்கள். எண், ஆச்சரியக்குறி வந்துவிடக்கூடாது என்பதற்காக. யூனிகோடு பட்டியலில் க, ம, ல எல்லாம் எழுத்து. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் ‘குறி’ என்ற வேறு இனம். அதனால் கமலா என்று எழுதினால் ‘தவறான பெயர்’ என்று திருப்பி அனுப்பும். காலை வெட்டிவிட்டுக் ‘கமல’ என்றால் வாங்கிக்கொள்ளும். விதியை எழுதியவர் தமிழ் தெரிந்தவராகவே இருக்கலாம். தன் பெயரைத் தமிழில் அடித்து ஒரு தடவை சோதித்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் யூனிகோட்டைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது வருவதற்கு முன்னால் இருந்த நிலைமையை மறந்துவிட்டோம். 1990களின் இறுதியில் ஒவ்வொரு வார இதழின் தளத்துக்கும் ஒவ்வொரு ஃபான்ட். முதலில் அதை இறக்கிக்கொள், பிறகு படி. ஒரு தளத்தில் எழுதியதை வெட்டி இன்னொரு இடத்தில் ஒட்டினால் கிறுக்கலாக விழும். தேடல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்’99 மாநாடு கூடி, தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் என்ற இரு குறியீட்டு முறைகளையும் முன்வைத்தது. வெளிநாட்டுத் தமிழர்கள் டிஸ்கி என்ற இன்னொன்றில் எழுதிக்கொண்டிருந்தார்கள். 1991இலேயே யூனிகோடு தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. இந்திய அரசின் இஸ்கி முறையை ஒட்டி எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே அச்சில் வார்த்த இடம் அது. 247 எழுத்துக்கும் தனித்தனி இடம் வேண்டும் என்று தமிழறிஞர்களும் கணினியாளர்களும் வாதாடினார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோட்டையும், அது கைகொடுக்காத இடத்தில், எல்லா எழுத்துக்கும் தனி இடம் தரும் டேஸ்16 முறையையும் ஏற்று ஆணை பிறப்பித்தது. வாதத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அதற்குள் கூகுளும் மைக்ரோசாஃப்டும் விக்கிப்பீடியாவும் யூனிகோட்டில் குடியேறி முடிந்திருந்தன.

முதல் பக்கமே நான்கு மொழி

தமிழ் இணையத்தில் ஏறிய கதையில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் சிங்கப்பூரில் இருக்கிறது. 1995 அக்டோபர் 27 அன்று அப்போதைய அதிபர் ஓங் டெங் சியோங் ஒரு இணையதளத்தைத் தொடங்கிவைத்தார். சிங்கப்பூர்க் கவிதைகளின் தொகுப்பு. ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என்று நான்கு மொழிகளில். வலையில் தமிழ் முதன்முதலாக ஏறிய பக்கங்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் இருந்தவர் எழுத்தாளரும் ஆசிரியருமான நா. கோவிந்தசாமி, கணியன் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கியவர். கூட நின்றவர் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ. உயிர்வேதியியல் படித்த சீனர்.

தமிழுக்கு என்று தனியாக ஒரு தளம் கட்டி, பிறகு மற்ற மொழிகளை அதில் ஒட்டவில்லை. நான்கு மொழியும் சமமாக நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வேலை தொடங்கியது. அந்த நிபந்தனை இருந்ததால்தான் சீனத்துக்கு வழி தேடும்போதே தமிழுக்கும் வழி தேட வேண்டியிருந்தது. சில ஆண்டுகளில் டான் டின் வீயின் குழு இணைய முகவரியையே உள்ளூர் எழுத்தில் எழுதும் முயற்சியில் இறங்கியது. இன்று .சிங்கப்பூர், .இலங்கை, .இந்தியா என்று தமிழில் முகவரி முடிகிறதென்றால் அதன் வேர் அங்கே இருக்கிறது. (அந்த முகவரியில் மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிக்கொண்டு ஒரு படிவத்தை நிரப்பிப் பாருங்கள்; ‘செல்லாத முகவரி’ என்று சொல்லாத தளம் கிடைப்பது அரிது.) கோவிந்தசாமி 1999இல் காலமானார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல், செல்லினம் என்று தமிழ்த் தட்டச்சைக் கணினிக்கும் கைபேசிக்கும் கொண்டுபோனார். ஆப்பிள் கணினிகளில் இருக்கும் இணைமதி எழுத்துரு அவருடையது.

சிங்கப்பூருக்கு இருந்த ஒரு வசதி நமக்கில்லை. அங்கே நான்கு மொழியும் அரசியல் சட்டத்தில் இருப்பதால் ஒன்றை விட்டுவிட்டு வெளியிட்டால் கேள்வி வரும். இங்கே ‘தமிழ்ப் பதிப்பு விரைவில்’ என்று ஒரு வரி போட்டால் ஐந்து வருஷம் ஓடிவிடும்.

காஞ்சிபுரம்க்கு எத்தனை மணிக்கு?

சொற்களை மொழிபெயர்த்துவிட்டால் தளம் தமிழாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் வேற்றுமை உருபில் வந்து விழுவார்கள். ‘இந்த ஊருக்கு அடுத்த பேருந்து’ என்று திரையில் காட்ட வேண்டும். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரை அப்படியே செருகலாம். முன்னால் வரும் சொல் அசையாது. தமிழில் ஊர்ப் பெயருக்குப் பின்னால் ‘க்கு’ என்று நிரலில் எழுதிவைத்தால் ‘காஞ்சிபுரம்க்கு’, ‘ஊத்துக்காடுக்கு’ என்று வரும். காஞ்சிபுரத்துக்கு, ஊத்துக்காட்டுக்கு, வாலாஜாபாத்துக்கு, தென்னேரிக்கு என ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாக மாறும். அத்துச் சாரியை பள்ளியில் படித்ததுதான். அதை நிரலுக்குச் சொல்லித்தர யாருக்கும் தோன்றுவதில்லை. கை தேர்ந்தவர்கள் சண்டையையே தவிர்த்துவிடுவார்கள்: ‘சேரும் ஊர்: காஞ்சிபுரம்’ என்று தலைப்பு போட்டு ஊர்ப் பெயரை உருபில்லாமல் நிறுத்திவிட்டால் பிரச்சினை இல்லை. இதற்கு மொழிபெயர்ப்பாளரிடம் முழு வாக்கியத்தையும் அது வரும் திரையையும் காட்ட வேண்டும். எக்செல் தாளில் துண்டு துண்டாகச் சொல்லைக் கொடுத்து, ‘நாளைக்குள் வேண்டும்’ என்றால் முகப்புப் பக்கத்துக்கு ‘வீடு’ என்றுதான் வரும்.

பட்டியல்களையும் பாருங்கள். கிராமத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பட்டியலில் பெயர்கள் தமிழில் இருக்கும், வரிசை ஆங்கில அகரவரிசையில் இருக்கும். அல்லது யூனிகோடு எண் வரிசையில் இருக்கும். அதில் நகரத்துக்கு அடுத்து னகரம் வந்துவிடும், சகரத்துக்கு அடுத்து ஜகரம் நுழைந்துவிடும். நூறு ஊர்கள் உள்ள பட்டியலில் தன் ஊரைத் தேடி விரல் மேலும் கீழும் ஓடும். தமிழ் அகராதி வரிசை, தேதி எழுதும் முறை, ஒருமை பன்மை விதி எல்லாவற்றையும் யூனிகோடு அமைப்பே சி.எல்.டி.ஆர். என்ற பொதுத் தரவாக இலவசமாக வைத்திருக்கிறது. அரபுக்கு எண்ணிக்கையில் ஆறு வடிவம், தமிழுக்கு இரண்டு, ஜப்பானியத்துக்கு ஒன்று என்பது வரை அதில் உண்டு. எடுத்துப் பொருத்தினால் போதும்.

பொத்தானில் ‘அனுப்பு’ என்று போடுவதா, ‘அனுப்பவும்’ என்று போடுவதா என்பது தமிழாக்கம் செய்கிறவர்கள் ஓயாமல் சண்டை போடும் விஷயம். ‘அனுப்பு’ மரியாதைக் குறைவு என்பது ஒரு கட்சி. நான் எதிர்க்கட்சி. பொத்தான் என்பது மனிதர் எந்திரத்துக்கு இடும் கட்டளை. எந்திரத்திடம் மரியாதை எதற்கு? படிவத்தில் ‘பெயரை எழுதவும்’ என்பது எந்திரம் மனிதரைக் கேட்பது. அங்கே மரியாதை குறையக்கூடாது. யார் யாரிடம் பேசுகிறார்கள் என்று தெரிந்துவிட்டால் சண்டை தீர்ந்துவிடும்.

பெயரின் வம்பு வேறு வகை. ‘குடும்பப் பெயர் கட்டாயம்’ என்று கேட்கும் படிவத்தில் நம்மவர்கள் தகப்பனார் பெயரை எழுதுவார்கள், சிலர் இனிஷியலைப் போடுவார்கள், சிலர் தங்கள் பெயரையே இரண்டு தடவை எழுதுவார்கள். மூன்று ஆவணத்தில் மூன்று பெயர். அப்புறம் பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பம் தள்ளுபடி. படிவத்தைத் தமிழில் மொழிபெயர்த்தாலும் இது தீராது, ஏனென்றால் கேள்வியே நம்முடையது இல்லை. ‘முழுப் பெயர்’ என்று ஒரே கட்டம் வைத்தால் தீரும்.

ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் வம்பும் தீர்ந்தபாடில்லை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர் வாலாஜாபாத். இங்கே கிழக்கிந்தியக் கும்பினியின் ராணுவ முகாம் இருந்தது. அந்தப் பெயரில் ஒரு காலாட்படையும் இருந்தது. கும்பினிக்காரர்கள் நடுவில் இரட்டை எல்லும் ஒரு எச்சும் சேர்த்து எழுதினார்கள். இன்றைய வழக்கில் ஒரு எல் போதும். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புப்படி மாற்றி வெளியிட்டது. கேலியும் குழப்பமும் கிளம்ப, சில நாள்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றது. ஒரு செயலிக்கு இதில் ஒரே வழிதான்: எந்தக் கூட்டலில் தேடினாலும், தமிழில் தேடினாலும், ஒரே ஊரைக் காட்டுவது. வாடிக்கையாளருக்கு ஸ்பெல்லிங் பாடம் எடுப்பது செயலியின் வேலை இல்லை.

பேசும் மொழி, படிக்கும் மொழி

காஞ்சிப் பட்டுக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரம் போகும் வழியில் ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை என்று தறி ஊர்கள். இந்த வட்டாரத்தில் நெசவு செய்கிறவர்களில் தமிழ் பேசும் செங்குந்தர்கள் உண்டு; வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பத்மசாலியர், தேவாங்கர் குடும்பங்களும் உண்டு. நலத்திட்டச் செயலி ஒன்று ‘உங்கள் தாய்மொழி?’ என்று கேட்டு, ‘தெலுங்கு’ என்றதும் முழுத் திரையையும் தெலுங்கு எழுத்துக்கு மாற்றிவிட்டால் அந்த நெசவாளருக்கு ஒரு வரிகூடப் படிக்க வராது. அவர் பள்ளியில் படித்தது தமிழ். பேச்சு ஒன்று, எழுத்து ஒன்று என்பது இந்தப் பக்கத்தில் பல தலைமுறைப் பழக்கம். கேட்க வேண்டியது தாய்மொழியை இல்லை. எதில் படிப்பீர்கள் என்பதை. மொழிகளின் பெயரை அந்தந்த எழுத்திலேயே காட்டி, ஒரு முறை தேர்ந்தெடுத்ததை மறக்காமல் வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும். மொழிக்குக் கொடி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தமிழுக்கு எந்தக் கொடி? இந்தியாவா, இலங்கையா, சிங்கப்பூரா?

நன்றாக நடக்கும் இடங்களையும் சொல்ல வேண்டும். பட்டா, சிட்டா, அ-பதிவேடு பார்க்கும் தமிழக நிலப் பதிவுத் தளத்தில் புல எண், உட்பிரிவு, உரிமையாளர் பெயர் எல்லாம் தமிழில் வருகின்றன. யாரோ பெரிய மனது வைத்து மொழிபெயர்த்ததால் வந்ததில்லை. கர்ணம் காலத்திலிருந்து கிராமக் கணக்கு தமிழில் எழுதப்பட்டது. தரவு தமிழிலேயே பிறந்தது. டீக்கடைக் கல்லாவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் பெட்டி இன்னோர் உதாரணம். பணம் வந்ததும் எத்தனை ரூபாய் என்று தமிழில் உரக்கச் சொல்கிறது. கடைக்காரர் பால் ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொள்கிறார். அதற்கு மாறாக, பணம் அனுப்பும் பீம் செயலி 2016 டிசம்பரில் வந்தபோது இந்தியும் ஆங்கிலமும் மட்டும்தான் இருந்தன. பிறகுதான் மற்ற மொழிகள். தொகை எவ்வளவு, வந்ததா இல்லையா: அந்த ஸ்பீக்கர் பெட்டி செய்வது இந்த ஒரு காரியத்தைத்தான். அதைக் கடைக்காரரின் மொழியில் செய்வதால் கடைக்குக் கடை போயிருக்கிறது.

இப்போது எந்திர மொழிபெயர்ப்பு வந்துவிட்டது, இனி எதற்கு இத்தனை பாடு என்று கேட்பார்கள். மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் தளமான பாஷினி 2022இல் வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2023இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2 அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளுக்கும் வேலை செய்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஒரு அறிவிப்பைப் படித்துப் புரிந்துகொள்ள இது பெரிய உதவி. கடன் ஒப்பந்தத்திலோ காப்பீட்டு விதியிலோ ஒரு ‘அல்லாத’ விடுபட்டால் யார் பொறுப்பு? ‘ஆங்கில வடிவமே செல்லும்’ என்று அடியில் ஒரு வரி போட்டுத் தப்பிக்கிறார்கள், அந்த வரியையும் சில இடங்களில் ஆங்கிலத்திலேயே. எந்திரம் செய்த மொழிபெயர்ப்பை ஒரு ஆள் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வெளியிட வேண்டும் என்று விதி வைத்தால் செலவு கொஞ்சம் கூடும். கூடட்டும்.

இதுவரை அரசு இருக்கும் டெல்லியைப் பார்த்தும் மென்பொருள் நிறுவனங்கள் இருக்கும் பெங்களூரைப் பார்த்தும் பேசியாகிவிட்டது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஒரு நடை போய்வந்தால் அதே கேள்வி நம் பக்கம் திரும்பும். ஒரகடம் தொழிற்சாலைகளை நம்பி பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் இந்தச் சாலை நெடுக அறை எடுத்துத் தங்கியிருக்கிறார்கள். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ தமிழ்நாட்டில் 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறகு அவர்களும் நம் நியாயவிலைக் கடையில் அரிசி வாங்கலாம். கடையின் இருப்புப் பலகை தமிழில். வீட்டுக்காரர் போடும் வாடகை ஒப்பந்தம் தமிழிலோ ஆங்கிலத்திலோ. எந்திரத்தில் கை சிக்கினால் எங்கே புகார் செய்வது, நஷ்டஈட்டுக்கு எந்தப் படிவம் என்பதை ஒடியாவில் சொல்லும் மாநில அரசுப் பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. நமக்கு எதெல்லாம் தமிழில் வேண்டும் என்று கேட்கிறோமோ, அந்தப் பட்டியலையே எடுத்துக்கொள்ளலாம். விபத்து, கூலி, வாடகை, ரேஷன். நாலு பக்கம் வரும். இந்தி, ஒடியா, வங்காளம், அசாமி என்று நாலு மொழியில் போட்டால் பதினாறு பக்கம்.